ஞாயிற்றுக்கிழமை இருபது

ஞாயிறு காலை பத்து மணிக்கு
மதுரையின் முதல் இருபது பாடல்களை
மதுரைக்குச் சொல்வது நாங்கள்தான்.
கே.கே. நகரில் மூன்றாவது மாடி,
கீழே பல் ஆஸ்பத்திரி.
லிஃப்ட் உண்டு, ஓடாது.

பட்டியல் என் வேலை.
எப்படிப் போடுவீங்க என்று
அக்கா வீட்டுக்காரர் ஒருமுறை விசாரித்தார்.
மக்கள் கேட்பதை எண்ணுகிறோம் என்றேன்.
பொய்யில்லை.
காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும்
தமிழில் ஒரே சொல் இருப்பது
எங்கள் தொழிலுக்குப் பெரிய வசதி.

'அ' கட்டில் ஆறு பாட்டு,
ஒவ்வொன்றும் நாளைக்கு ஏழு முறை.
மூன்றாம் நாள் "ச்சீ, இதெல்லாம் ஒரு பாட்டா" என்றவர்
பத்தாம் நாள் சோப்புப் போடும்போது முனகுவார்,
பதினைந்தாம் நாள் எங்களுக்குப் போன் செய்து கேட்பார்.
அதை நான் எண்ணிக்கொள்வேன்.
எண்ணிக்கை ஏறியதால் எட்டு முறையாக்குவேன்.

'இ' கட்டு நடுராத்திரிக்கு,
ஏடிஎம் காவலாளிகளுக்கு.

சோணைமுத்துவின் பாட்டு 'இ'யிலும் இல்லை.
செல்லூரில் கேஸ் போடுகிறவர்.
காலி சிலிண்டரை உருட்டும் சத்தத்தைத் தாளமாக வைத்து
மூன்று நிமிடம் பதினோரு நொடி.
பென்டிரைவ் சாவிக்கொத்தோடு இருந்தது.
சாவியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தேன்.
கணினியில் ஏற்றி எண் போட்டேன்: 9417.
அத்தோடு மறந்தேன்.

புரட்டாசி மழையில் ஒரு வெள்ளி இரவு
சென்னை இணைப்பு அறுந்தது.
கணினி கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டது.
9417. மறுபடி 9417.
ஒன்றே முக்காலிலிருந்து ஐந்தேகால் வரை
அறுபத்தைந்து முறை முழுசாக.
அறுபத்தாறாவது முடிய ஆறு நொடி இருக்கையில்
ஈரச் செருப்போடு ஓடி வந்து நிறுத்தினேன்.

அந்நேரம் யார் விழித்திருப்பார்?
மாட்டுத்தாவணியில் சம்பங்கி எடை போடுகிறவர்கள்,
தேனி வண்டி டிரைவர்,
பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டுக்கு வெளியே
நகம் கடித்துக்கொண்டிருந்த ஆண்கள்.

திங்கள் நெல்பேட்டையிலிருந்து ஒரு மெகராஜ்:
"அந்த உருள்ற பாட்டப் போடுங்க."
அன்று பதினோரு போன்.
மறுநாள் நாற்பது.
மேலாளர் ரோட்ரிக்ஸ் புருவம் தூக்கினார்,
"சரி, 'ஆ'வில் போடு."

பத்தொன்பது.
பன்னிரண்டு.
நான்கு.
ஒரு நிருபர் வந்து மண்ணின் குரல் என்று எழுதிக்கொண்டு போனார்.
அது அறுந்த வயரின் குரல் என்று
நான் சொல்லவில்லை.

தீபாவளிக்குப் பெரிய படங்கள் வந்தன,
விளம்பரப் பணத்தோடு பன்னிரண்டு பாட்டு.
இடம் வேண்டும்.
வியாழன் மாலை ஒரு கட்டத்தில் டிக்கை எடுத்தேன், அவ்வளவுதான்.
ஞாயிறன்று இருபதில் இல்லை.
"நேயர்களுக்குச் சலித்துவிட்டது போல!"
அறிவிப்பாளர் சிரித்தபடி வாசித்தார்.
எழுதிக் கொடுத்தது நான்.
எந்த நேயரிடமும் கேட்கவில்லை,
அந்தச் சொல்லின் எந்தப் பொருளிலும்.

போன வாரம் என் வீட்டுக்குச் சிலிண்டர் வந்தது.
தோளில் துண்டோடு அவரேதான்.
பட்டியலைப் பற்றிப் பேசவில்லை.
சீல் உடைத்து, வாஷர் பார்த்து,
ரசீதைக் கிழித்துக்கொண்டே கேட்டார்:
"மேடம், பாட்டு நல்லாருந்துச்சா?"

இருநூற்றுப் பதினெட்டு முறை ஒலிபரப்பியிருக்கிறோம்,
அது எனக்குத் தெரியும்.
எந்தெந்த மணிக்கு என்றுகூடச் சொல்வேன்.
சில்லறை தேடுவதுபோல் உள்ளே போனேன்.

திரும்பி வருவதற்குள்
காலியை இறக்கிக்கொண்டிருந்தார்.
படி படியாக இரும்பு இறங்கியது.
திருப்பத்தில் ஓர் இடைவெளி விழும்,
பிறகு இரட்டையாக அடிக்கும்.

கையில் இருபது ரூபாயோடு நின்றேன்.
அடிப்பதற்கு முன்பே
என் கால் அடித்துவிட்டது.