கொஞ்சம் கிழக்கால

முதல் மூன்று வீட்டிலும்
கடவுச்சீட்டு அட்டைச் சிங்கத்தைக் கண்டதும்
"பையனுக்குக் கல்யாணம் பேசுறோம்,
எங்களுக்கே வீடு தேவைப்படும்" என்றார்கள்.
மூன்று வீட்டிலும் ஒரே பையனோ என்னவோ.

நாலாவது வளசரவாக்கம். மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை.
வீட்டுக்கார வசுமதி அம்மா
கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு
"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா
யாராச்சும் கேட்டா கேரளான்னு சொல்லிடு.
பேச்சும் அப்படித்தான இருக்கு" என்றா.

அயன்காரரிடம் சொன்னேன். பால் பாக்கெட் பெடியனிடம் சொன்னேன்.
ஆட்டோக்காரர்கள் நான் சொல்லும்வரை காத்திருக்கவேயில்லை.
"கேரளாவா மேடம்?"
ஓம் என்றால் பிடிபடுவேன்.
ஆமா என்று சொல்ல வேண்டும்.
நாக்கில் அந்த ஒன்று ஏறப் பத்து நாள் எடுத்தது.

நுங்கம்பாக்கம், வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்.
எனக்கு முன்னால் சூடான் பெடியன் ஒருவன்,
கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி நித்திரை.
வங்கிக்குப் போன் நம்பர் வேணுமாம்.
போன் நம்பருக்கு முகவரி வேணுமாம்.
முகவரிக்குக் காஸ் பில் போதுமாம்,
காஸுக்கு மட்டும் வங்கிப் புத்தகம்.
முகவரி இருக்குது, அதுக்குள்ள நானும் இருக்கிறன்,
இதற்கு மேல் என்ன அத்தாட்சி?
மொட்டை மாடிக் கொடியில் காயும்
என் பிள்ளையின் காற்சட்டையைக் கழற்றி வரட்டோ?
கேட்கவில்லை. நகல் எடுக்க இன்னும் பத்து ரூபா கொடுத்தேன்.

கவுண்டரில் இருந்தவர் நல்ல மனுசன்.
எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு
"தமிழ் நல்லா பேசுறீங்களே மேடம்" என்றார்.

ஓடிபி வந்தது.
எனக்கல்ல, கொடிகாமத்தில்
தங்கச்சியின் மேசை லாச்சியில் கிடந்த பழைய சிம்முக்கு.
அவள் சார்ஜர் தேடி, போனை உயிர்ப்பித்து,
"நாலு... ஏழு... அக்கா, இது ஒன்றோ ஏழோ?"
என்று வாசிக்க
நேரம் முடிந்துவிட்டது.

ஒருநாள் முக்குக் கடையில் சவர்க்காரம் கேட்டேன்.
சர்க்கரை கட்டித் தந்தார், அரைக் கிலோ.
பின்னால் ஆட்கள் நின்றார்கள்.
திருப்பிக் கொடுக்க வெட்கமாயிருந்தது.
அன்றைக்கு வெறும் தண்ணியில் உடுப்பு அலசினேன்,
அதுவும் சம்ப்பில் கொஞ்சம் மிச்சமிருந்ததால்.

சாருகன் நாலாம் வகுப்பு. மூன்று கிழமைதான்,
"செமயா இருந்துச்சும்மா" என்றபடி படியேறி வந்தான்.
இரவு போனில் சித்தியோடு பழையபடி கதைக்கிறான்.
இரண்டு செருப்புச் சோடி போல
வாசலுக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று.
நான் திருத்தவில்லை.
அவன் வீடு தேடும் காலத்தில் உதவும்.

பிறகு, போன ஞாயிறு.
இரண்டாம் மாடிக்குப் புதிதாய் வந்த நர்ஸ் பிள்ளை
ஷைனி என்று பெயர்,
நேந்திரங்காய்ச் சிப்ஸ் டின்னோடு
மூச்சிரைக்க மேலே வந்து நின்றாள்.
வசுமதி அம்மா சொல்லியிருக்கிறா.
"சேச்சீ!" என்றாள்.
அதன் பிறகு மழை மாதிரி ஒரு பேச்சு,
கடைசியில் ஒரு கேள்வி:
"நாட்டில் எவிடெயா?"

இந்த ஊரில் இதுவரை
இவ்வளவு ஆசையாய் என்னை எவரும் விசாரித்ததில்லை.
அந்தக் கேள்வியில்
எனக்கு நல்லாய் விளங்கிய சொல் ஒன்றுதான்,
முதலாவது.

கேன்காரன் வாசலில் நின்றான்,
மாடி ஏறினதுக்கு ஐந்து ரூபா கூடக் கேட்டபடி.
சில்லறை தேடுவதுபோல் குனிந்தேன்.
பொய் சொல்ல இன்றைக்கு ஏனோ மனம் வரவில்லை.
மெய் சொல்லவும் வாடகை ஒப்பந்தம் விடாது.

"கொஞ்சம் கிழக்கால" என்றேன்.

"ஓ, இடுக்கி!" என்று
கையைப் பிடித்துக்கொண்டாள்.

டின்னை வெறுமையாய்த் திருப்பக்கூடாது.
குசினிக்குள் போய்ப் பார்த்தேன்.
அந்தச் சர்க்கரையில் இன்னும் பாதி கிடந்தது.