கூரையைத் தொடாத சுவர்

எங்கள் லயத்தில்
காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே
சுவர் உண்டு,
கூரை வரைக்கும் இல்லை.
மேலே விட்ட ஒரு முழ இடைவெளியில்
பிலோமினா கருவாடு பொரிப்பது என்னிடம் வரும்,
என் மகனின் இருமல் அவளிடம் போகும்.
ஏழு மாதம் பேசாமல் இருந்ததையும்
இருவரும்
கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

சீட்டுப் பிடித்தவள் நான்.
ஒன்பது பேர், மாதம் மூவாயிரம்.
இரண்டாவது சீட்டை அவள் எடுத்தாள்.
மூன்றாவது மாதத்திலிருந்து
பீலிக்கு வரும் நேரத்தை மாற்றிக்கொண்டாள்.
என் தோடு அட்டனில் அடகுக்குப் போனது,
சேரவேண்டியவர்களுக்குப் பணம் சேர்ந்தது.
யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.
நான்தான் சொன்னேன்,
பீலியில், பெரட்டுக் களத்தில்,
கொழுந்து நிறுக்கும் வரிசையில்,
அவள் பேரை,
கேட்காதவர்களுக்கும்.

திருவிருந்து ஞாயிறு.
சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார் ஐயர்.
பக்கத்தில் கை கொடுத்தேன், முன்னால் கொடுத்தேன்,
பின்னால் திரும்பினேன்.
வெறும் பெஞ்சு.
அவளும் இரண்டு பிள்ளைகளும் உட்காரும் இடம்.
எத்தனை வாரமாய் வெறுமை என்று
எனக்குத் தெரியும்.
அதை நான்
ஜெயித்த கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

காணிக்கைப் பை
மரக்கைப்பிடியோடு நீண்டு நீண்டு வந்தது.
எனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போது
எழுந்துவிட்டேன்.
கவரைப் பெஞ்சில் வைத்து
அதன்மேல் பாட்டுப் புத்தகத்தை வைத்து.
வயிற்றுவலி என்று
அருளப்பு அண்ணன் நினைத்திருப்பார்.

ஏழாம் நம்பர் மலை வழியே
குறுக்காக இறங்கினேன். தூறல்.
காலில் அட்டை ஏறியதுகூடத் தெரியவில்லை,
வாயில் ஒரு வாக்கியத்தை
மடித்து மடித்துத் திருத்திக்கொண்டு வந்ததில்.

இஸ்தோப்பில் மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எழவில்லை.
நானும் உட்காரவில்லை.

"பணம் போனது வலிச்சுச்சு.
நீ சொல்லாம ஒளிஞ்சது அதவிட வலிச்சுச்சு.
ஒன் பேர தோட்டமெல்லாம் இழுத்தேன், அது என் தப்பு.
இனிமே எந்தச் சீட்டுலயும் ஒன்னச் சேக்கமாட்டேன்."
எல்லாம் ஒரே மூச்சில்.
நடுவில் நிறுத்தினால்
என் தப்பை விழுங்கிவிடுவேன் என்ற பயம்.

சீப்பைப் பார்த்தபடியே கேட்டாள்:
"அப்ப மன்னிச்சிட்டியா, இல்லியா?"

"மன்னிச்சதாலதான் கணக்கு எழுத வந்தேன்.
மன்னிக்காதவ கணக்கா கேப்பா?
கத பேசிக்கிட்டே திரிவா."

மகளின் கொப்பியில் கடைசித் தாள்.
இருபத்தோராயிரம். மாதம் ஆயிரம்.
அவள் கையெழுத்து, தேதி.
யாரும் அழவில்லை.
என் காலைப் பார்த்துவிட்டு
உள்ளே போய் உப்பு கொண்டுவந்தாள்.
அட்டை விழுந்த பிறகும்
இரத்தம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.
அந்த நேரத்தில்தான்
பணம் எதற்குப் போனது என்று
முதன்முதலாகக் கேட்டேன்.

சொன்னாள்.
அதை இங்கே எழுதமாட்டேன்.
ஒருத்தியின் பேரை இழுத்த வாய்க்கு
இவ்வளவு உபவாசமாவது வேண்டும்.

அடுத்த ஞாயிறு
பாட்டுப் புத்தகத்தின் அடியில்
கவர் அப்படியே இருந்தது.
பின்னால் திரும்பினேன்:
பிள்ளைகள் மட்டும் வந்திருந்தார்கள்.
சின்னவள் கை கொடுத்தாள்,
தொதல் தின்ற கை, ஒட்டிக்கொண்டது.

இரண்டு மாதம் ஆயிரம் வந்தது.
மூன்றாம் மாதச் சம்பளத்தன்று
வெறுங்கையோடு வந்தாள்,
முன்வாசலால், பகல் வெளிச்சத்தில்.
"இந்த மாசம் இல்ல."
தேதிக்கு நேரே
'வந்து சொன்னாள்' என்று எழுதினேன்.

கைகுலுக்க
ஐயர் தருவது அரை நிமிடம்.
எங்களுக்கு இன்னும்
பத்தொன்பது மாதம் இருக்கிறது.

இராத்திரி
சுவருக்கு மேலால் அவள் ஜெபம் வரும்.
பிள்ளைகள் பேர், புருசன் பேர்,
சில நாட்களில் என் பேர்.
ஒட்டுக்கேட்டதாய் ஆகிவிடக்கூடாது என்று
ஒரு தடவை இருமுவேன்.

அவள் நிறுத்துவதில்லை.