மூன்று யூனிட்

நாகமலைப் புதுக்கோட்டையில்
நான் பூட்டிப்போட்டுப் போன வீடு
இரண்டு மாதத்தில் மூன்று யூனிட் தின்றிருந்தது.

கணக்கெடுக்க வந்த சோலைராசு
அட்டையில் பூஜ்ஜியம் போட்டு நீட்டினார்.
"நூறுக்குள்ள. காசு கெடையாது."
காசு கிடையாதுதான்.
பூட்டிய வீட்டில் தின்றது யார்?

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
பல்கலைக்கழகத்துப் பக்கம்
இந்த மாதிரி ஆட்கள் குடியிருப்பது
அவருக்குப் புதிதில்லை போலிருக்கிறது.
பையைக் கீழே வைத்தார்.

அவரிடம் சொல்லவில்லை:
எனக்குச் சம்பளமே இதற்குத்தான்.
ஒரு சாதாரண விண்மீன் மண்டலம்,
பெயர்கூட இல்லை, நீளமாய் ஓர் எண்.
எந்தக் காலண்டரிலும் அதன் படம் வராது.
அதன் நடுவிலிருந்து வரும் வெளிச்சத்தை
நிறம் நிறமாகப் பிரித்து
கிழட்டுச் சிவப்பு நட்சத்திரங்களைக் கழித்து
மஞ்சளைக் கழித்து
இருக்கிற கொஞ்சம் நீலத்தையும் கழித்தால்
தாள் ஏறக்குறைய வெறுமை.
ஏறக்குறைய.
நைட்ரஜன் இருக்கும் இடத்தில் ஒரு மேடு.
அதன் இடுப்பில் ஹைட்ரஜன்.
தள்ளி, கந்தகம் இரண்டு,
எறும்புப் புற்று உயரத்துக்கு.

பல கோடிச் சூரியன் எடையில்
அங்கே ஒன்று உட்கார்ந்திருக்கலாம்.
பகாசுரன் என்று பேர் வாங்கிய கருந்துளை.
சாப்பாடு கைக்குழந்தைக் கணக்கு:
வருஷத்துக்கு இரண்டு மூன்று பூமி.
அதிலும் பாதி வாயோரம் வழிந்துவிடும்.

"லாம்" என்ற இடத்தில்தான்
கட்டுரையைத் திருத்தும் முகம் தெரியாதவர்
சிவப்பில் சுழித்திருக்கிறார்.
சாகப்போகும் நட்சத்திரங்களின் சூட்டிலும்
இதே கோடுகள் எழுமே, என்ன சொல்கிறீர்கள்?
மூன்று மாதமாக ஒன்றும் சொல்லவில்லை.

ஃப்ரிட்ஜ் பிளக் போகும்போதே கழற்றியது.
டிவியின் சிவப்புப் பொட்டை அணைத்தோம்.
மிக்ஸி, மோட்டார், குளியலறை விளக்கு.
ஃபேன் நின்றது, வேர்வை தொடங்கியது.
மீட்டரின் முன்னால் நின்றோம் இரண்டு பேரும்,
அது கண் சிமிட்டுகிறதா என்று.

சிமிட்டவில்லை.
தேனி ரோட்டில் உசிலம்பட்டி பஸ் ஒன்று
ஏர் ஹாரனோடு போய் முடிந்தது.
பக்கத்து வீட்டு மெஹருன்னிசா
மதிலுக்கு மேல் தலையை நீட்டி
"கரண்டு போச்சா?" என்றார்.
இல்லை என்றோம்.
பிறகு ஏன் சும்மா நிற்கிறோம் என்று
அவர் கேட்கவில்லை, அவரும் நின்றார்.

"இன்னும் ரெண்டு தெரு பாக்கணும்மா"
என்றபடி சோலைராசு வாட்சைப் பார்த்த நேரம்
மீட்டரில் ஒரு சிவப்பு.
வந்ததும் தெரியாமல் போனது.
"அடிச்சிருச்சு!"
அடுத்ததற்கு ஒன்பது நிமிடம்.
அவர் போகவில்லை. எண்ணினார்.

எண்ணி முடித்து,
"காலிங் பெல்லைத் தொட்டுப் பாருங்க" என்றார்.

ஸ்டூல் போட்டு ஏறினேன்.
வாசல் நிலைக்கு மேலே
நான் அண்ணாந்தே பார்த்திராத பெட்டி.
காபி குடித்து வைத்த டம்ளரின் அடிபோல
ஒரு வெதுவெதுப்பு.
யாரும் அழுத்தாத இரண்டு மாதமும்
யாராவது வரக்கூடும் என்பதற்காக
அது சூடாகவே இருந்திருக்கிறது.

"கழத்தி விட்ரட்டுமா?"
வேண்டாம் என்றேன்.

ராத்திரி மாடிக்குப் போனேன்.
திருப்பரங்குன்றத்து மலைக்கு மேலே
தனுசு எழும்பியிருந்தது, புகை மூட்டத்தில்.
அந்தப் பக்கம்தான் நம்முடையதும்:
நாற்பது லட்சம் சூரியன் எடை,
சத்தமில்லாத தீனி.
விரலில் அந்தச் சூடு இல்லை இப்போது.

இறங்கி வந்து பதில் எழுதினேன்.
ஐயா அல்லது அம்மா,
கழித்ததில் பிழை இருக்கலாம்.
கையை வைத்துப் பார்க்கும் தூரமில்லை.
ரேடியோ தொலைநோக்கியில் ஒன்பது மணி நேரம் கேட்டிருக்கிறேன்.
நடுவில் ஒரு புள்ளி சுடுகிறதா
என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அதுவரை அந்த "லாம்" அங்கேயே இருக்கட்டும்.