பெண்டுகா

முப்பத்தேழு வாரமாகியும் நீ
ரயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி
நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாய்.
என் வலது விலாவுக்குக் கீழே உன் தலை.
இருமினால் இடிக்கிறது.

யார் என்ன சொன்னாலும் செய்து பார்த்தேன்.
இஸ்திரிப் பலகையை சோபாவில் சரித்து
தலைகீழாகப் படுத்தேன்.
கூரையின் ஈரக்கறை ஆட்டுக்குட்டியாகத் தெரிந்ததே தவிர
வேறொன்றும் நடக்கவில்லை.
முழங்கால் ஊன்றி, கன்னம் தரையில் பதித்து,
பின்புறம் தூக்கிப் பத்து நிமிடம், இரண்டு வேளை.
ஷிப்ட் முடிந்து வந்த உன் அப்பன்
"கட்டிலுக்கடியில் என்ன தேடுகிறாய்?" என்றான்.
"உன் பிள்ளையின் தலையை."

தலைமாட்டில் குளிர் வைத்தால்
வெறுத்து நகருமென்றாள் தவமணி.
உறைந்த பட்டாணிப் பொட்டலம் வைத்தேன்.
ஆறு மணிக்கு மின்சாரம் போனது,
எங்கள் மியர்பேங்க் முழுக்க.
மூடிப்போன எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகள்
ஜன்னலில் கருத்து நிற்க
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பட்டாணி உருகி
நைட்டி நனைந்தது.
அன்றிரவு பட்டாணிக் குழம்பு.
நீ விக்கினாய்,
மேலே இருந்தபடியே.

அப்பன் அடிவயிற்றில் டார்ச் அடித்தான்:
வா வா வா, ஒடிச்சு வா, இன்னும் கொஞ்சம், வா...
சந்துக்குள் லாரியைப் பின்னால் எடுக்கவைப்பவன் போல.
சிரித்ததில் எனக்கு மூத்திரம் சொட்டியது.

நான் துறைமுகத்தில் கணக்கெழுதுகிறவள்.
டர்பனுக்கு வெளியே கடலில்
இடம் கிடைக்காத கப்பல்கள் வரிசையாய் நிற்கும்.
காற்று மாறினால் போதும்,
அத்தனை இரும்பும் நங்கூரத்தைச் சுற்றி
சத்தமில்லாமல் முகம் திருப்பிக்கொள்ளும்.
பேனாவை வைத்துவிட்டு அதையே பார்த்திருக்கிறேன்.
நீ மூன்று கிலோகூட இல்லையே.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில்
ஓர் ஊசி போட்டார்கள்.
கருப்பை தளர்ந்தது, நெஞ்சு ஓடத் தொடங்கியது.
வாசலில் மாட்டிக்கொண்ட சோபாவைத் திருப்புகிறவர்கள் போல
டாக்டர் ஒரு கையால் உன் பிட்டத்தை மேலே ஏற்றி
மறுகையால் தலையைக் கீழே தள்ளினார்.
வலி என்பது அதற்குச் சின்ன வார்த்தை.
நர்ஸ் தெம்பெலிஷ்லே என் தொப்புளருகே குனிந்து
சொல்லிக்கொண்டே இருந்தாள்:
பெண்டுகா, பெண்டுகா.

எனக்குத் தெரிந்த ஜூலு கடைத்தெரு ஜூலு.
விலை, மீதி, நாளைக்கு வா.
அந்தச் சொல்லுக்குத் 'திரும்பு' என்று அர்த்தமாம்,
பிறகுதான் சொன்னார்கள்.
அப்போது என் காதில் விழுந்தது
பெண்டு, கா.
பெண்டைக் காப்பாற்று.
யாரிடம் கேட்கிறாள்? எந்தப் பெண்டை?
நானும் பல்லைக் கடித்தபடி சேர்ந்து சொன்னேன்,
பெண்டு கா, பெண்டு கா,
எங்கள் இருவருக்கும் வேறு வேறு மொழியில்
ஒரே சத்தம்.

நீ பாதி வந்தாய்.
குறுக்கே நின்றாய்.
என் வயிறு சதுரமானதை நானே பார்த்தேன்.
ஸ்கேன் திரையில் உன் இதயம் தடுமாறி, மீண்டது.
கையை எடுத்ததும்
வழுக்கிப் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

"போதும்" என்றார் டாக்டர்.
அட்டையில் எழுதினார்: புதன், காலை எட்டு.

இப்போது வயிற்றில் நாலு விரலின் நீலத் தடம்.
தடவினால் உள்ளிருந்து நீ தட்டுகிறாய்.
கோபமா, விசாரிப்பா, தெரியவில்லை.
இனி பலகையில்லை, பட்டாணியில்லை.
இடதுபுறம் ஒருக்களித்து, பிளம்ஸ் தின்றுகொண்டு,
உன்னோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக் கனகசபை,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டி முதுகு போனவர்,
வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்கிறார்:
"கால் முன்னால் வருகிற பிள்ளை மிதித்தால்
இடுப்புப் பிடிப்பு விடும் என்பார்களே,
வயிற்றைக் கீறி எடுத்தாலும் அது செல்லுமா?"
யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.
எதற்கும்
முதல் ஆளாய் அவர் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார்.