இரண்டாம் விசில்

சட்டைக்குள் ஐந்து ஒட்டு.
இடுப்பு வாரில்
டிக்கெட் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு மெஷின்.
"என்னண்ணே, ரெண்டு கலெக்‌ஷனா?"
கண்ணாடியைத் துடைத்தபடி கேட்கிறான் ஒச்சப்பன்.
சிரிக்கிறேன்.
சிரிப்பும் இதில் பதிவாகுமோ என்னவோ.

கூடவே ஒரு நோட்டு.
படபடப்பு எப்போது வந்தது,
அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்,
எழுதுங்கள் என்றார் டாக்டர் ஷகிலா.
கட்டம் சின்னது.
"காலை 6.10. ஆரப்பாளையம். படியில் நின்றேன். ஒன்று தவறியது."
அவ்வளவுதான் கொள்ளும்.

கொள்ளாதது இது:
ஒரு விசில் என்றால் நில்.
இரண்டு என்றால் போ.
பத்தொன்பது வருஷமாக இந்த வாய்க்குத் தெரிந்த இலக்கணம்.
இப்போது நெஞ்சுக்குள் எவனோ
ஒரே ஒரு விசில் ஊதுகிறான்.
ஊதிவிட்டு

சும்மா இருக்கிறான்.

அடுத்தது வருவதற்குள்
மகளுக்கு நானில்லாமல் மாப்பிள்ளை பார்த்து,
சொசைட்டிக் கடனை மச்சினன் தலையில் கட்டி,
கட்டிலிலிருந்து என்னைக் கூடத்தில் இறக்கி
கால் கட்டைவிரல்களைச் சேர்த்தும் கட்டிவிடுகிறேன்.
அப்புறம் டொம்மென்று ஒன்று,
கதவை அறைந்து சாத்தியதுபோல.
போகலாம்.

மார்கழியில் செல்வமணி போனான்.
டிப்போவில் கணக்கு ஒப்படைக்க நின்றவன்
பையைக் கவிழ்த்துச் சில்லறையைக் கொட்டினான்.
எண்ணி முடிக்கவில்லை.
வயது நாற்பத்தாறு.
அவன் விட்ட இடத்திலிருந்து நான் எண்ணத் தொடங்கினேன்,
கழுத்தில் இரண்டு விரல் வைத்து.
காளவாசல் சிக்னலில் எழுபத்தெட்டு.
பல்கலைக்கழக நிறுத்தத்தில் கூட்டம் ஏறினால் நூற்றுப் பத்து.
"மீதி அஞ்சு ரூவா தரணும்" என்று யாரோ தோளைத் தட்டும்போது
எண்ணிக்கை விட்டுப்போகும்.
மறுபடி ஒன்றிலிருந்து.

மூன்று ராத்திரி கோரிப்பாளையத்துக்கு ஆட்டோ.
மூன்று முறையும் விடியலில்
ஒன்றுமில்லை என்கிற தாளோடு
அதே ஆட்டோக்காரர் முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன்.
தாளைத் தனபாக்கியம்
ரேஷன் கார்டு இருக்கும் பையில் வைத்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
மறுநாள் என் காபி மட்டும் பாதி டம்ளர்.

"இரவு 2.40. விழித்தேன். காதுக்குள் கேட்கிறது."
பேனா மூடும் சத்தத்தில் புரண்டவள்
"வலப்பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க" என்று
தூக்கத்திலேயே தலையணையைத் தள்ளினாள்.
படுத்தேன். அந்தக் காதில் கேட்கவில்லை.
அதையும் எழுதலாமா என்று யோசித்ததில்
நாலு மணி ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது.
ஒரு லட்சத்து நான்காயிரத்துச் சொச்சம் துடிப்பு.
முந்திக்கொண்டு குதித்தவை இருநூற்றுப் பதினான்கு.
"ஆபத்தில்லாதவை. நிறையப் பேருக்கு உண்டு" என்ற டாக்டர்
என் நோட்டைப் புரட்டினார்.
"நீங்கள் குறித்தது முப்பத்தொன்று.
அதில் இருபத்திரண்டு நேரம் இதயம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது."

தொழில் பழக்கம், கணக்குப் போட்டேன்.
பிடித்தது ஒன்பது.
மிச்சம் இருநூற்றைந்து பேர்
டிக்கெட் எடுக்காமல் ஏறி
எனக்குத் தெரியாமல் இறங்கிப் போயிருக்கிறார்கள்.
எவனும் பஸ்ஸைக் கவிழ்க்கவில்லை.

நிம்மதி என்று சொல்லமாட்டேன்.
விரல் இன்னும் கழுத்துக்குப் போகிறது.

இன்று செக்கானூரணிக்குக் கொஞ்சம் முன்னால்
ஒரு விசில் கொடுத்து நிறுத்தினேன்.
அந்தம்மா ஒரு குட்டியோடு இறங்கிவிட்டாள்.
மற்ற குட்டி சீட்டுக்கடியில் புகுந்துகொண்டது.
அந்நேரம் பார்த்து உள்ளே ஒன்று தவறியது.
கை கழுத்துக்குப் போகப் பார்த்தது,
குனிந்து ஆட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது.
இழுத்து நெஞ்சோடு அணைத்தேன்.
உள்ளங்கைக்குள் அதன் துடிப்பு,
எந்தக் கண்டக்டராலும் எண்ண முடியாத வேகத்தில்.
கீழே விட்டதும்
அது நின்று நிதானமாக மூத்திரம் பெய்தது.
பிறகு என் கையிலிருந்த டிக்கெட்டை எட்டிக் கடித்தது.

"அண்ணே, போலாமா?"
ஒச்சப்பன் இரண்டு தரம் கேட்டுவிட்டான்.

இரு.
அந்தம்மா இன்னும் ரோட்டைத் தாண்டவில்லை.