ஏத் வயர்

ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டிக்
கச்சான் அடிக்கிறது, இது மூன்றாம் கிழமை.
ஆற்றுக்கு மேலால் வந்தும்
அதன் வாயில் ஈரமில்லை.

காலையில் யூனிஃபோமைத் தலைவழியாக மாட்டும்போது
நொறுநொறுவென்று ஒரு சத்தம்,
முதுகுக்குப் பின்னால் யாரோ
மற்றக் கச்சானை உடைத்துத் தின்பதுபோல.
மாரியில் இதே துணி ஊமை.
மாரியில் காற்றுக்கு ஈரக்கை;
சேர்ந்ததைச் சேர்ந்த உடனே
சொல்லாமல் வாங்கிக்கொண்டு போய்விடும்.

இப்போது வாங்க ஆளில்லை.
நடந்தால் ஏறுகிறது,
கதிரையை விட்டு எழும்பினால் ஏறுகிறது.
கல்குலேற்றரின் பொலித்தீன் உறையைத் துடைத்தால்
கிழித்துப் போட்ட பற்றுச்சீட்டுத் துணுக்கு
மேசையிலிருந்து எழுந்துபோய் ஒட்டுகிறது.
துணுக்கில் ஒன்றுமில்லை,
கூடவுமில்லை குறையவுமில்லை.
ஆனாலும் உறை கிட்ட வந்ததும்
உள்ளுக்குள் கொஞ்சம் இடம் மாறி உட்கார்கிறது:
அதற்குப் பிடித்தது முன்னுக்கு,
பிடிக்காதது பின்னுக்கு.
அவ்வளவு போதும் இழுபட.

பதினொரு மணிக்கு எல்மோவின் பவுசர்.
போன மாதம் நாற்பது லீற்றர் குறைந்தது.
"உங்கட டேங்க் ஒழுகுது" என்றார் அவர்.
"வெலிக்கந்தையில எங்க நிப்பாட்டின நீங்க?" என்றேன் நான்.
அன்றிலிருந்து பேச்சில்லை.
அவர் முன் ரயரடியில்,
நான் பின் வால்வடியில்.
ஒரே வகை ஏற்றம் ஒரு தகரத்தில் ஏறினால்
ஒன்றையொன்று தள்ளித் தள்ளி
இப்படித்தான் போய் நிற்கும்
எட்டக்கூடிய கடைசி விளிம்பில்.

கொலன்னாவையிலிருந்து இவ்வளவு தூரம்
பெற்றோல் உள்ளே அலைந்து வந்திருக்கிறது
இரும்பை உரசி உரசி.
உரசலில் புதிதாய் எதுவும் பிறப்பதில்லை.
ஒன்று விட்ட இலத்திரனை
மற்றது எடுத்திருக்கும்,
கூட்டிப் பார்த்தால் பூச்சியம்.
கணக்கு எழுதுகிறவளுக்கு அது ஆறுதல்.
பிரிந்து நிற்கும் இரண்டுக்கும் இல்லை.
ஒரு மூக்குத்தி அகல இடைவெளி கிடைத்தால்
பாயும்,
நடுவில் இருப்பது ஆவியா ஆளா என்று பாராமல்.

ஆகவே குழாயைத் தொடமுன் ஏத் வயர்.
கவ்வியின் பல்லில் துரு.
நான் அரத்தாளை நீட்டவில்லை,
பவுசர் படியில் வைத்தேன்.
எடுத்துத் தேய்த்தார்.
செம்பு தெரியும்வரை தேய்த்தார்.
கவ்வவிட்டார்.

ஒரு சத்தமுமில்லை.
வந்ததெல்லாம் நிலத்துக்குள் போனது,
நிலம் அசையக்கூட இல்லை.
பத்து நிமிடம் பொறுக்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருக்கிறது.
பொறுத்தோம்.
பலகையை நான் மூன்று தரம் வாசித்தேன்.

பிறகு அலுவலக அறையில்,
பம்புகளுக்கு வெகு தள்ளி,
கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனையை நீட்டினார்.
இரும்புப் பேனை.

டக்.

நீலமாய், எள்ளளவு.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஆ" என்றோம்.

"உங்களிட்ட இருந்தா, என்னட்ட இருந்தா?"
ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி.
தெரியாது என்றேன்.
உண்மையாகவே தெரியாது.

நாற்பது லீற்றர் இன்னும் கொப்பியில்,
சிவப்பு மையில்.
வெளியே பவுசர் திரும்பும்போது
கழற்றிய வயரின் நுனி
கச்சானில் ஆடிக்கொண்டிருந்தது.