அரை மில்லி

ராணிப்பேட்டையில் மூடிய தோல் கம்பெனி ஏலத்தில்
கிலோ கணக்கில் வாங்கி வந்த உருளை.
தோல் தேய்த்தது. இப்போது தேக்கு தேய்க்கிறது.
மழை நாளில் மட்டும் ஷெட்டுக்குள்
பழைய வாடை கிளம்பும்.
"அதுக்கு ஞாபகம் வந்துட்ச்சி" என்பான் தஸ்தகீர்.

படுத்த பலகை என்றால் கவலையில்லை.
எண்பது நம்பர் தாள், அப்புறம் நூற்றிருபது,
வெளியே வருவதில் விரல் நிற்காது.
நிற்க வேண்டிய பட்டைகள்தான் வம்பு.
விளிம்பில் நிறுத்தித் தள்ளினால்
உருளை பட்டதும் சாயும்,
சாய்ந்த வாக்கிலேயே தேய்ந்து வரும்.
காட்பாடிப் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு
நூற்றெண்பது கேட்டிருந்தார்கள்.
ஏழு வீணான பிறகு மெஷினை நிறுத்தினேன்.

விலைக்கு வரும் வேலி எங்கள் இரண்டு மாத வாடகை.
கிடந்த பிளைவுட்டில் இரண்டு சுவர் அறுத்தேன்,
பட்டையைவிட மூன்று மில்லி குட்டையாக,
நடுவில் பட்டை மட்டும் நுழைகிற சந்து.
உள்பக்கம் மெழுகுவத்தி தேய்த்தேன்,
மாதா கோவிலில் பாதியில் அணைந்தது.
முடுக்க, றெக்கை நட்டு நாலு.
தூசிக்கு: பெயிண்ட் டப்பாவில் ஒரு மூடி,
அதற்கொரு பிளாஸ்டிக் குழாய்,
குழாய் முடிவில் ஏர்கூலர் ஃபேன்.
அந்த ஃபேனைக் கழற்ற விட்டதை
தஸ்தகீர் ஏப்ரல் முழுக்கச் சொல்லிக் காட்டினான்,
பனியன் நனைய நனைய.

முதல் பட்டை நின்றபடியே போய்
நின்றபடியே வந்தது.
ஆனால் விளிம்பில் அரை மில்லி சரிவு.
மூலைமட்டம் வைத்தேன். சரி என்றது.
சந்தேகப்பட்டு பென்சிலால் கோடு கிழித்து,
மட்டத்தைப் புரட்டி, மறுபடி கிழித்தேன்.
ஒரே இடத்தில் கிளம்பிய இரண்டு கோடும்
மேலே போகப் போகப் பிரிந்தன.
நாலு வருஷமாக நாங்கள் செய்த கதவுகள்
ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

"இன்னா சகாயம், அடியில எதையாவது சொருவு"
என்று சட்டைப் பையில் கைவிட்டு
பஸ் டிக்கெட் மூன்று எடுத்துக் கொடுத்தான்.
மூன்றையும் மும்மடிப்பாய் மடித்தேன்.
கணக்கு: சுமாராய் அரை மில்லி.

மடிக்கும்போது படித்துவிட்டேன்.
மூன்றும் பாகாயம். மூன்றும் செவ்வாய்.
தாள் வாங்க வாலாஜா போவதாய்ச் சொல்லி
தாள் இல்லாமல் திரும்பிய செவ்வாய்கள்.
ஆஸ்பத்திரிக்கா என்று கேட்க
வாய் வரை வந்தது.
சுவருக்கு அடியில் வைத்து நட்டை முடுக்கினேன்.

பட்டைகள் நேராக வந்தன.
நூறு, நூற்றிருபது.
மறதியில் கொடுத்தானா,
நான் படிக்கட்டும் என்றா, தெரியாது.
அவன் தள்ள, நான் அந்தப் பக்கம் வாங்க,
சத்தத்தில் பேச்சுக்கு இடமில்லாதது
சௌகரியமாக இருந்தது.

அடுத்த செவ்வாய் ஷட்டரைப் பாதி இறக்கி
வண்டியை எடுத்தேன்.
"தாள் வாங்கவா?" என்றான்.
"ஏறு."
முத்துக்கடையில் வாலாஜா பக்கம் ஒடிக்காமல்
வேலூர் ரோட்டில் விட்டேன்.
பாலாறு கண்ணில் படும் வரை பேச்சில்லை.
பிறகு பின்னாலிருந்து,
"நட்டு நாலையும் முடுக்கிட்டுத்தானே வந்தே?"